கோவிற்பற்று: யாழ்ப்பாணத்துப் பழைய பங்குக் கோயில்கள்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் ‘கோவிற்பற்று’ என்ற சொல் அடிக்கடி வரும். காணி இருக்கும் மாவட்டத்தையும் பகுதியையும் சொன்ன பிறகு, அது எந்தக் கோவிற்பற்றைச் சேர்ந்தது என்று எழுதுவார்கள். ஊரின் பெயர், காணியின் பெயர், பரப்பு, குளி என்ற அளவு, நான்கு எல்லை எல்லாம் அதற்குப் பிறகுதான். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, அச்சுவேலி போன்றவை இவ்வாறு பெயர்பெற்ற கோவிற்பற்றுகள். இங்கே சொல்லப்படும் கோவில் சைவக் கோவில் அன்று. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் ஊர்தோறும் எழுப்பிய கிறிஸ்தவப் பங்குக் கோயிலையே அது குறிக்கும். அக்கோயிலுக்கு உட்பட்ட ஊர்களின் தொகுதி அதன் பற்று. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பற்று என்பது பழைய நாட்டுப் பிரிவின் பெயர். அந்த நாட்டுச் சொல்லோடு கோயில் சேர்ந்து, திருச்சபையின் பங்கு என்ற பிரிவுக்கு யாழ்ப்பாணத்தில் பெயராயிற்று.

பெயர் நிலைத்த அளவுக்குக் கட்டடங்கள் நிலைக்கவில்லை. சில முற்றாக மறைந்தன. சில வேறு சபைகளின் கைக்கு மாறிப் புதுக் கூரை பெற்றன. ஒன்றிரண்டு கூரையில்லாத சுவர்களாக நிற்கின்றன. நானூறு ஆண்டுகளில் மூன்று அரசுகளும் மூன்று நான்கு சபைகளும் இக்கோயில்களைக் கையாண்டன. ஒவ்வொருவர் கையிலும் அவற்றின் அமைப்பு மாறியது, வேலையும் மாறியது.

பங்குகளின் தொடக்கம்

இலங்கையின் வட பகுதிக்குக் கத்தோலிக்கம் முதலில் மன்னார் வழியாக வந்தது. முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணிசெய்துகொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியார் 1544இல் ஒரு குருவை மன்னாருக்கு அனுப்பினார். அங்கே திருமுழுக்குப் பெற்றவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி படையனுப்பிக் கொன்றான். இறந்தவர்கள் அறுநூறு பேர் என்பது மரபாக வழங்கும் தொகை. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினர். 1591இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்துத் தமக்கு இசைவான அரசனை இருத்தினர். அதன்பின் பிரான்சிஸ்கன் துறவிகள் அரசின் எல்லைக்குள் நடமாடவும் கடற்கரையோரம் கோயில் எழுப்பவும் வழி பிறந்தது.

1619இல் பிலிப்பே டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தை முழுதாகக் கைப்பற்றினான். கடைசி அரசனான இரண்டாம் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621இல் இடிக்கப்பட்டது. தலைநகரும் நல்லூரிலிருந்து கடலோர யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது. பட்டினத்தில் இருந்த புதுமை மாதா கோயிலின் பெயரே போர்த்துக்கேயர் அங்கே கட்டிய கோட்டைக்கும் இடப்பட்டது. ஒலிவேரா 1627இல் இறந்தபோது அந்தக் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டான்.

அரசு கைக்கு வந்ததும் குடாநாடு பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. முன்பே வந்திருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் ஒரு பகுதியையும், 1622இல் வந்த யேசுசபையார் இன்னொரு பகுதியையும் ஏற்றனர். யாழ்ப்பாண அரசர் காலத்திலிருந்தே வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற நாட்டுப் பிரிவுகள் இருந்தன. பங்குகள் இவற்றுக்குள் அடங்குமாறு வகுக்கப்பட்டன. மக்கள் நெருங்கி வாழ்ந்த வலிகாமத்தில் மட்டும் 14 கோயில்கள் எழுந்தன: தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், வண்ணார்பண்ணை, நல்லூர், சுண்டிக்குழி, கோப்பாய், புத்தூர். தென்மராட்சியில் நாவற்குழி, சாவகச்சேரி, கச்சாய், வரணி முதலிய இடங்களிலும், வடமராட்சியில் பருத்தித்துறை, கட்டைவேலி முதலிய இடங்களிலும் கோயில்கள் இருந்தன. தீவுகளும் தனித்தனியே கோயில் பெற்றன.

முதலில் எழுந்தவை மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட கொட்டில்கள். வருவாயும் ஆட்பலமும் சேரச்சேர அவை கல்லும் சுண்ணாம்புமாக மாறின. பழைய சைவக் கோயில்கள் இடிக்கப்பட்ட இடத்திலோ அதற்கு அண்மையிலோ பல பங்குக் கோயில்கள் எழுந்தன. பழைய கந்தசுவாமி கோயில் நின்ற இடம் இன்றைய நல்லூர் முத்திரைச் சந்திப் பக்கம் என்பதும், அங்கே இப்போது கிறிஸ்தவ ஆலயம் நிற்கிறது என்பதும் ஊரில் வழங்கிவரும் செய்தி. ஊர் கூடிப் பழகிய இடத்தில் கோயில் கட்டினால் மக்கள் அங்கே வருவர் என்பது ஒரு காரணம். இடிந்த கோயிலின் கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது இன்னொரு காரணம்.

போர்த்துக்கேயர் ஆண்டது நாற்பது ஆண்டுகள்கூட இல்லை. ஆனாலும் அவர்களின் சொற்கள் கோயிலிலும் வீட்டிலும் தங்கிவிட்டன. பாதிரியும் குருசும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. இலங்கைத் தமிழர் கிறிஸ்து பிறப்பை நத்தார் என்று சொல்வதும் அவ்வழி வந்ததே. கதிரை, மேசை, யன்னல், அலுமாரி என்ற வீட்டுச் சொற்களும் அதே கப்பலில் வந்திறங்கின.

முருகைக்கல்லும் பனைமரமும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புப் பாறை நிலம். கருங்கல் இல்லை. ஆறு இல்லாத நாட்டில் செங்கல்லுக்கேற்ற களிமண்ணும் எங்கும் கிடைப்பதில்லை. கரையோரம் தாராளமாகக் கிடைத்தது முருகைக்கல். கடலுயிர்களின் கூடுகள் இறுகி உண்டான இக்கல், ஈரமாக வெட்டியெடுக்கும்போது மெதுவாக இருக்கும். காற்றில் உலர உலர உறுதிபெறும். கோடரியாலும் வாளாலும்கூட வடிவப்படுத்தலாம். சுண்ணாம்பும் முருகையையும் சிப்பியையும் சுட்டு எடுத்ததே. ஆக, கல்லும் சாந்தும் ஒரே கடலின் விளைச்சல். சுவருக்குத் தடிப்பு வேண்டியிருந்ததால் இரு முகங்களிலும் கல்லை அடுக்கி, நடுவில் உடைகல்லும் சாந்தும் நிரப்பி, வெளியே சுண்ணாம்பு பூசினர்.

கூரைக்குப் பனை. முதிர்ந்த பனையின் வெளிப்பகுதி கறுத்து வைரம் பாய்ந்திருக்கும். அதை நெடுக்காகப் பிளந்து கைமரமும் சலாகையும் எடுப்பர். கறையான் எளிதில் அரிக்காத மரம் என்பதால் யாழ்ப்பாணத்துப் பனைமரத்துக்குக் கடல்கடந்தும் சந்தை இருந்தது. கைமரத்தின் நீளமே கூரையின் அகலத்தை வரையறுத்தது. அகன்ற கோயில் வேண்டுமானால் உள்ளே இரண்டு வரிசைத் தூண்களை நிறுத்தி, அவற்றை வளைவுகளால் இணைத்து, நடுக்கூடமும் இரு பக்கச் சாலைகளுமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சிறிய பங்குகளுக்கு ஒற்றைக்கூடமே போதுமாக இருந்தது. கூரைமேல் ஓலை வேய்ந்தனர், பெரிய கோயில்களுக்கு ஓடு போட்டனர்.

தரைப்படம் எளியது. நீண்ட செவ்வக மண்டபம், அதன் முடிவில் அதைவிட ஒடுங்கிய பீடப்பகுதி. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய அரைவட்ட வளைவு. மண்டபம் மக்களுக்கு, வளைவுக்கு அப்பால் குருவுக்கும் பலிபீடத்துக்கும் உரியது. சைவக் கோயிலில் மகாமண்டபத்துக்கும் கருவறைக்கும் நடுவே வாசற்படி செய்யும் வேலையை இங்கே இந்த வளைவு செய்தது. முகப்பு மேலே கூம்பிய முக்கோணச் சுவர். அதன் இரு ஓரங்களும் சுருள்வளைவுகளாக இறங்குவது போர்த்துக்கேய வழக்கம். வானளாவிய கோபுரம் கிடையாது. மணி, சுவரில் விட்ட ஒரு சிறு வளைவுக்குள்ளோ தனிச் சட்டகத்திலோ தொங்கியது. வெயிலும் மாரிக்காலச் சாரலும் உள்ளே வராமலிருக்க யன்னல்கள் சிறிதாகவும் உயரத்திலும் வைக்கப்பட்டன.

கோயில் தனிக் கட்டடமாக நிற்கவில்லை. ஒட்டினாற்போலக் குருமனை, அதற்கு ஒரு கிணறு, சுற்றிலும் தோட்டம், பள்ளிக்கூடம், சேமக்காலை எல்லாம் ஒரே வளவுக்குள் அடங்கின. ஒல்லாந்தக் குருவான பிலிப்புஸ் பால்டேயுஸ் எழுதி 1672இல் வெளிவந்த நூலில் இக்கோயில்களின் செப்புத்தகட்டுச் சித்திரங்கள் உள்ளன. கோயிலும் மனையும் மதிலும் சுற்றிவரத் தென்னை பனைகளுமாக அவை காட்டும் வளவு, இன்றும் யாழ்ப்பாணத்து ஆலய வளவுகளைப் பார்த்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

சங்கானையில் ஒரு பங்குக் கோயிலின் சுவர்கள் தொல்லியல் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன. கூரை இல்லை. பூச்சு உதிர்ந்த இடங்களில் முருகைக்கல்லின் சிறுசிறு கண்ணறைகள் தேன்கூடு போல வெளித்தெரிகின்றன. மண்டபத்தையும் பீடப்பகுதியையும் பிரிக்கும் வளைவு நிற்பதால், மேலே சொன்ன தரைப்படத்தை அங்கே நின்றபடியே வாசிக்க முடிகிறது.

ஒல்லாந்தர் கையில்

1658இல் ரைக்லொஃப் வான் கூன்ஸ் தலைமையில் வந்த ஒல்லாந்தப் படை, மன்னாரைப் பிடித்த பின் யாழ்ப்பாணக் கோட்டையை மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகையிட்டு ஜூன் மாதத்தில் கைப்பற்றியது. கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில் வெளியான கட்டளை, கத்தோலிக்கக் குருவுக்கு மறைவிடம் கொடுப்பவர்களுக்கு மரணதண்டனை விதித்தது.

படையோடு வந்தவர் சீர்திருத்த சபையின் குருவான பால்டேயுஸ். 1665 வரை இருந்து, தமிழ் கற்று, கோயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தம் சபையின் வழக்கத்துக்கு மாற்றியவர் அவர். மாற்றம் முக்கியமாக உள்ளேதான் நடந்தது. சுருபங்களும் பலிபீடமும் அகன்றன. சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. சீர்திருத்த சபை வழிபாட்டின் நடு, பிரசங்கம். ஆகவே பிரசங்கபீடம் எல்லார் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் இடத்துக்கு வந்தது. பீட வளைவுக்கு அப்பாலிருந்த பகுதிக்கு முன்போல வேலை இல்லாமற்போயிற்று. கட்டடத்தின் எலும்புக்கூடு கத்தோலிக்கமாகவும் உட்புறம் சீர்திருத்த சபையாகவும் இருந்த இந்த இரட்டைத் தன்மையே ஒல்லாந்தர் காலக் கோவிற்பற்றுக் கோயில்களின் அடையாளம். கோயிலுக்கு வெளியே மரநிழலில் பிரசங்கம் நடந்ததும் உண்டு. பருத்தித்துறையில் பால்டேயுஸ் பிரசங்கம் செய்த புளியமரம் நெடுங்காலம் அவர் பெயரால் அறியப்பட்டது.

புதிதாக அவர்கள் கட்டிய பெரிய கோயில் கோட்டைக்குள் இருந்தது. 1706இல் நிலஅளவையாளர் மார்ட்டினுஸ் லூஸ்கம் அமைத்த இக்கோயில், நான்கு கைகளும் ஒத்த நீளமுள்ள கிரேக்கச் சிலுவை வடிவினது. அதனால் ஒல்லாந்த மொழியில் சிலுவைக் கோயில் என்ற பொருளில் குரொய்ஸ் கெர்க் எனப்பட்டது. நான்கு கைகளிலும் அமர்ந்திருப்பவர்கள் நடுவை நோக்க, நடுவில் நிற்பவரின் குரல் எல்லாருக்கும் எட்டும். பிரசங்கத்துக்கென்றே செய்த தரைப்படம் இது. கொழும்பில் 1749க்கும் 1757க்கும் இடையில் எழுந்த வுல்வெண்டால் கோயிலும் இதே வகை. கோட்டைக் கோயிலின் தரையில் ஒல்லாந்த அதிகாரிகளின் கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டன. அங்கே தொங்கிய மணியில் புதுமை மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. மாதாவின் சுருபத்துக்கு இடம் கொடுக்காத கோயில், அவள் பெயர் பொறித்த மணியை மட்டும் வைத்துக்கொண்டது.

தோம்பு, பள்ளி, காணி

ஒல்லாந்தர் காலத்தில் பங்குக் கோயில் வழிபாட்டிடமாக இருந்ததைவிட அரச கந்தோராக இருந்ததே அதிகம். முப்பதுக்கும் மேற்பட்ட கோயில்களுக்கு இருந்த ஒல்லாந்தக் குருமார் ஒரு சிலர். அவர்கள் ஒரு பங்குக்கு வந்து போவது அரிது. மற்ற நாட்களில் கோயிலை நடத்தியவர் உள்ளூர்ப் பள்ளி உபாத்தியாயர். ஞாயிறுகளில் எழுதிவைத்த பிரசங்கத்தை வாசிப்பவர் அவர். கிழமை நாட்களில் பிள்ளைகளுக்கு எழுத்தும் வினாவிடையும் செபமும் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் பெற்றோருக்குத் தண்டம் உண்டு.

உபாத்தியாயரின் இன்னொரு வேலை தோம்பு என்ற பதிவேட்டை எழுதுவது. பிறந்தவர், திருமுழுக்குப் பெற்றவர், மணமுடித்தவர், இறந்தவர் என்று பங்கிலுள்ள குடும்பங்கள் அனைத்தும் பள்ளித் தோம்பில் பதியப்பட்டன. நிலத் தோம்பும் தலைத் தோம்பும் கோவிற்பற்று வாரியாகவே எழுதப்பட்டன. உத்தியோகம் பெறுவதற்கும், மணம் சட்டப்படி செல்லுபடியாவதற்கும், பிள்ளைக்குச் சொத்துரிமை கிடைப்பதற்கும் தோம்பில் பெயர் இருக்க வேண்டும். பெயர் ஏற வேண்டுமானால் திருமுழுக்குப் பெற வேண்டும். 1663 அளவில் யாழ்ப்பாணத்தில் 62,000க்கு மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்ததாக வரும் ஒல்லாந்தக் கணக்கை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். வீட்டில் திருநீறும் தோம்பில் திருமுழுக்குப் பெயருமாக வாழ்ந்தவர்கள் அதில் மிகப் பலர்.

காணி விற்பனையும் கோயில் வாசலுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தார் வழக்கங்களைத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, முதலியார்மார் பன்னிருவர் பார்த்து ஒப்புக்கொண்ட தேசவழமை 1707இல் உருவாயிற்று. காணியை விற்கும்போது இனத்தாருக்கும் பங்காளிக்கும் அயற்காணிக்காரருக்கும் முன்வாங்குரிமை உண்டு என்பது அதன் விதிகளுள் ஒன்று. அவர்கள் விற்பனையை அறியவேண்டும் என்பதற்காக, அவரவர் கோயிலில் தொடர்ந்து மூன்று ஞாயிறுகளில் அதைப் பிரசித்தம் செய்யும் நடைமுறை இருந்தது. கலியாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது திருச்சபையின் பழைய வழக்கம். அதே மூன்று ஞாயிறு இங்கே காணிக்கும் பொருந்தியது. சைவனாக வாழ்ந்தவனும் தன் அயலான் காணி விற்கிறானா என்று அறிய ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் காதுகொடுக்க வேண்டியிருந்தது. கோவிற்பற்று என்ற பிரிவு காணியோடு இவ்வளவு இறுக ஒட்டிக்கொண்டதற்கு இந்த நடைமுறைகள் காரணம்.

தமிழில் சமய நூல்கள் அச்சேறியதும் இந்த அமைப்பின் துணையோடுதான். நல்லூரில் 1690இல் உபதேசிமாரைப் பயிற்றுவிக்கும் செமினறி ஒன்று தொடங்கியது. இலங்கையில் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சாயிற்று.

தோம்புக்கு வெளியே

தடை இருந்தும் கத்தோலிக்கம் ஒழியவில்லை. கோவாவிலிருந்து 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் வந்திறங்கிய ஒரத்தோரியன் குரு யோசேவாஸ் முனிவர், பண்டத்தரிப்புக்கு அருகிலுள்ள சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவில் திருப்பலி நிறைவேற்றினார். கோயில்கள் ஒல்லாந்தர் கையில் இருந்ததால் வீட்டுத் திண்ணையும் மால்களுமே வழிபாட்டிடங்கள். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் கூடியிருந்த கத்தோலிக்கர் சிறைபிடிக்கப்பட்டனர். வாஸ் முனிவர் கண்டி அரசுக்குள் சென்று பணியைத் தொடர்ந்து 1711இல் இறந்தார். 2015இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். மாந்தைப் பக்கத்திலிருந்து மாதா சுருபத்தோடு காட்டுக்குள் ஒதுங்கிய மக்களால்தான் மடு திருத்தலம் உருவாயிற்று. ஆக, 18ஆம் நூற்றாண்டில் கட்டடம் ஒரு பக்கமும் பக்தி இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து கிடந்தன.

இடிபாடும் புதுக் கூரையும்

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். உத்தியோகத்துக்குத் திருமுழுக்கு வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்ததும் தோம்புக் கிறிஸ்தவர்கள் பெருந்தொகையாகத் தங்கள் சைவக் கோயில்களுக்குத் திரும்பினர். ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியிலேயே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வேறிடத்தில் மீண்டும் எழுந்திருந்தது. பங்குக் கோயில்களைப் பேணச் சம்பளம் கொடுக்கும் அரசு இல்லை, காணிக்கை போடும் சபையும் இல்லை. ஓடுகள் சரிந்தன, கைமரம் உக்கியது, மழைநீர் சுவருக்குள் இறங்கியது, மண்டபத்துக்குள் ஆலும் அரசும் முளைத்தன. சிதறிக் கிடந்த புரட்டஸ்தாந்தரைக் கவனித்தவர் தரங்கம்பாடியிலிருந்து வந்த, சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரான கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழர்.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் கண்டது இந்த இடிபாடுகளையே. ஆள்பதி பிரவுன்றிக் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டைக் கோயில்களையும் குருமனைகளையும் வளவுகளையும் அவர்களுக்குக் கொடுத்தார். உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் முதலியவை அடுத்தடுத்துக் கிடைத்தன. புதிதாக நிலம் வாங்கிக் கட்டத் தேவையில்லாமல், 17ஆம் நூற்றாண்டின் முருகைக்கற் சுவர்கள்மேல் புதுக் கூரை போட்டுக் குடியேற முடிந்தது. யேசுசபையாரும் பிரான்சிஸ்கரும் வகுத்த பங்குகளின் வரைபடமே அமெரிக்க மிஷனின் நிலைய வரைபடமாயிற்று.

ஒவ்வொரு வளவும் ஒரு புதுத் தொழிலைப் பெற்றது. வட்டுக்கோட்டைக் கோயிலருகே 1823இல் செமினறி தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். உடுவிலில் 1824இல் பெண்கள் விடுதிப் பாடசாலை அமைந்தது. மானிப்பாயில் அச்சகம் வந்து 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை வெளியாயிற்று. 1847இல் இலங்கைக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் அதே ஊரில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். பங்குக் கோயிலோடு பள்ளிக்கூடம் ஒட்டியிருக்கும் பழைய வழக்கம் வேறு உருவில் தொடர்ந்தது. 1818இல் வந்த ஆங்கிலிக்கச் சபை மிஷனரிமார் நல்லூரில் நிலைகொண்டனர். மெதடிஸ்தர் 1814இலேயே யாழ்ப்பாணம் வந்திருந்தனர்.

கட்டடத்தின் உள்ளமைப்பும் மீண்டும் மாறியது. அமெரிக்க சபைக்குப் பிரசங்கமும் பாட்டுமே வழிபாடு. மண்டபத்துக்குள் வாங்குகள் வந்தன. யன்னல்கள் பெரிதாயின. வெளிச்சமும் காற்றும் புகுந்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணம் அதன் அத்தியட்சாதீனங்களுள் ஒன்றாகி, சபாபதி குலேந்திரன் முதல் அத்தியட்சரானார். வட்டுக்கோட்டையின் பழைய பங்குக் கோயில் அத்தியட்சாதீனப் பேராலயமாயிற்று. ஊர்ப் பங்குக்கென்று கட்டியது ஒரு மறைமாவட்டத்தின் தலைக்கோயிலானது.

கத்தோலிக்கருக்கு 1806இல் சட்டப்படி முழு உரிமை மீண்டது. பழைய கோயில்கள் பெரும்பாலும் அவர்களுக்குத் திரும்பவில்லை. ஆகவே அவர்கள் புதிய இடங்களில் கட்டினர். யாழ்ப்பாண நகரில் ஒல்லாந்தர் ஆட்சி முடியும் தறுவாயில் எழுந்த மரியன்னை ஆலயம் மக்கள் வாயில் ‘பெரிய கோயில்’ ஆயிற்று. 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் ஐரோப்பாவிலிருந்து வந்தபின் கோயிற்கட்டட வேலை வேகம்கொண்டது. முனைகூம்பிய வளைவும் உயர்ந்த மணிக்கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் இக்காலத்தவை. போர்த்துக்கேயர் காலத் தாழ்ந்த முகப்பையும் அரைவட்ட வளைவையும் இவற்றோடு ஒப்பிட்டால் இரு காலங்களும் தெளிவாகப் பிரியும்.

கோயிலின் வெளிவளவு கத்தோலிக்கப் பங்குகளில் உள்மண்டபத்துக்குச் சமமான இடம்பெற்றது. திருவிழாவுக்குக் கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், பத்தாம் நாள் சுருபக்கூட்டைத் தோளில் சுமந்து பவனி என்பது முறை. இரவில் அதே வளவில் கொட்டகை போட்டு ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘ஞானசவுந்தரி’ போன்ற நாட்டுக்கூத்துகள் ஆடப்பட்டன. ஆகவே வளவு அகலமாகவும் கோயிலைச் சுற்றிவர வழியுள்ளதாகவும் இருக்கவேண்டியிருந்தது. சைவக் கோயிலின் வீதி என்ற அமைப்புக்குக் கத்தோலிக்கக் கோயிலில் நிகரானது இந்தச் சுற்றுவழி.

போரும் பின்னும்

உள்நாட்டுப் போரின்போது 1990இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நடந்த முற்றுகையும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளும் குரொய்ஸ் கெர்க்கை அழித்தன. சிலுவை வடிவம் இப்போது அடித்தளத்திலும் கற்குவியலிலும் மட்டுமே தெரிகிறது. போர் முடிந்தபின் கோட்டையின் கொத்தளங்கள் திருத்தப்பட்டன, கோயில் மீளக் கட்டப்படவில்லை. வலிகாமம் வடக்கில் மக்கள் 1990இல் வெளியேற்றப்பட்டதால், தெல்லிப்பழையின் ஒரு பகுதியும் மயிலிட்டியும் நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்தன. மயிலிட்டித் துறை 2017இல்தான் திரும்பக் கிடைத்தது.

போர்க்காலம் கோயிலுக்கு இன்னொரு வேலையையும் கொடுத்தது. குண்டுவீச்சு நேரத்தில் தடித்த சுவரும் அகன்ற மண்டபமும் உள்ள இடம் என்று மக்கள் கோயிலுக்கே ஓடினர். 1995 ஜூலை 9ஆம் தேதி நவாலி புனித பேதுரு ஆலயமும் அதன் சுற்றுப்புறமும் விமானத் தாக்குதலுக்கு இலக்காகி, அங்கே அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் அங்கே நினைவு வழிபாடு நடக்கிறது.

பழைய கட்டடங்களைப் பேணுவதில் இன்றும் சிக்கல் உண்டு. முருகைக்கல் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்துக் கல் பொடியும். சுண்ணாம்புச் சாந்து கலக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. முருகைக்கல் எடுப்பது கரையோரப் பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டுள்ளதால், உடைந்த கல்லுக்கு மாற்றுக்கல்லும் எளிதில் கிடைப்பதில்லை.

நிர்வாகத்தில் கோவிற்பற்று படிப்படியாகத் தேய்ந்தது. ஆங்கிலேயர் காலத்தில் பகுதிக்கு மணியகாரர், கோவிற்பற்றுக்கு உடையார், ஊருக்கு விதானை என்ற வரிசை இருந்தது. காணி விற்பனையும் கலியாணப் பதிவும் உடையார் வழியே நடந்தன. இருபதாம் நூற்றாண்டில் அப்பதவிகள் மறைந்து, பிரதேச செயலகமும் கிராம அலுவலர் பிரிவும் வந்தன. புதிய பிரிவுகளுக்கு எண்கள் உண்டு. ஆனாலும் நொத்தாரிசு உறுதி எழுதும்போது பழைய உறுதியைப் பார்த்தே எழுதுவார். பழைய உறுதி அதற்கு முந்திய உறுதியையும், அது தோம்பையும் பார்த்து எழுதியது. பாதிரிமார் வகுத்த எல்லைகள் இவ்வாறு உறுதியிலிருந்து உறுதிக்கு இறங்கி, சைவர் காணிக்கும் கிறிஸ்தவர் காணிக்கும் ஒன்றுபோல இன்றும் முகவரியாக நிற்கின்றன.